கிளென்ஃபிடிக் 12: நெடி மட்டும்தான் ஏறுகிறது, பேரிக்காய் எங்கே?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது: முதன்முதலாக ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கியிருக்கிறார், கிளென்ஃபிடிக் 12 வருடம். பேரிக்காய், தேன், ஓக் மரம் என்றெல்லாம் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் கலக்காமல் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். குடித்தால் மூக்கில் நெடி ஏறுகிறது, தொண்டை கமறுகிறது, வேறொன்றும் தெரியவில்லை. "கோளாறு என் நாக்கிலா, பாட்டிலிலா?" என்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுதியிருக்கும் மணங்கள் நிஜமாகவே உள்ளே இருக்கின்றனவா? இருந்தால், பழக்கமில்லாத ஒருவர் அவற்றைப் பிடிப்பது எப்படி? முதல் கேள்விக்கு, ஆம், இருக்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம். பிடிபடாமல் போவதற்குப் பெரும்பாலும் ஊற்றிய அளவு, கிளாஸின் வாய், அறையின் சூடு, அவசரம் இவைதான் காரணம். நாக்கின் முறை கடைசியில்தான் வருகிறது.

முதலில் பாட்டிலில் இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். எதைத் தேடுவது என்பது அதிலிருந்துதான் தெளிவாகும். 'சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்' என்பதன் ஒவ்வொரு சொல்லுக்கும் சட்டத்தில் பொருள் உண்டு. பிரிட்டனின் 2009-ஆம் ஆண்டு ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள் அதை வரையறுக்கின்றன. 'சிங்கிள்' என்றால் ஒரே வடிசாலை. ஒரே பீப்பாய் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பல பீப்பாய்களைக் கலக்கலாம், எல்லாம் ஒரே ஆலையில் காய்ச்சியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'மால்ட்' என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டும், வேறு தானியம் கூடாது. 'ஸ்காட்ச்' என்றால் ஸ்காட்லாந்தில் காய்ச்சி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 வருடம் கிடந்தது, பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ளது. சேர்க்க அனுமதி இருப்பது தண்ணீருக்கும், நிறத்துக்கான சாதாரண கேரமலுக்கும் மட்டுமே. எசென்ஸ், சர்க்கரை, பழச்சாறு எதுவும் சேர்க்கக் கூடாது. அட்டையில் உள்ள 12 என்ற எண், கலந்த பீப்பாய்களில் மிக இளையதன் வயது. உள்ளே அதைவிட மூத்ததும் இருக்கலாம்.

ஆக, பேரிக்காயை யாரும் உள்ளே போடவில்லை. அது ஈஸ்ட்டின் வேலை. முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாற்றை வடித்து எடுத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அது 8 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உள்ள, கிட்டத்தட்ட பீர் போன்ற ஒன்றாகிவிடும். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போதே எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களையும் உண்டாக்குகிறது. ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டருக்குப் பழுத்த வாழைப்பழ வாசம். ஈத்தைல் ஹெக்சனோயேட்டுக்கு ஆப்பிள் வாசம். வாழைப்பழத்துக்குள்ளும் ஆப்பிளுக்குள்ளும் இருப்பவை இதே பொருள்கள்தான் என்பதால், விஸ்கியில் பழ வாசம் வருகிறது என்பது வெறும் உவமை இல்லை. பிறகு செம்புப் பாத்திரங்களில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். இரண்டாம் முறையில் முதலில் வரும் காரமான ஓட்டத்தையும் கடைசியில் வரும் கனத்த ஓட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, நடு ஓட்டத்தை மட்டும் பீப்பாய்க்கு எடுத்து வைப்பார்கள். பழ வாசம் நடு ஓட்டத்தின் முன்பகுதியில் வரும். தானிய வாசமும் தோல் வாசமும் போகப் போக ஏறும். எந்த நிமிடத்தில் வெட்டுவது என்பதில்தான் ஓர் ஆலையின் குணம் பாதி முடிவாகிவிடுகிறது. கிளென்ஃபிடிக் லேசான, பழ வாசமுள்ள பக்கத்தைச் சேர்ந்தது. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். இந்த 12 வருட விஸ்கியில் புகை வாசம் தலைதூக்காது. கனமான மர வாசமும் மறைக்காது. பழமும் தானியமும் மேலேயே இருக்கும்.

அந்த ஆலை ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் டஃப்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது. மார்ட்லாக் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்த வில்லியம் கிராண்ட், 1886-இல் தன் ஒன்பது பிள்ளைகளோடு சேர்ந்து கட்டத் தொடங்கினார். 1887 கிறிஸ்துமஸ் அன்று முதல் வடி இறங்கியது. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. 1963-இல் இவர்கள்தான் சிங்கிள் மால்ட்டை அந்தப் பெயரிலேயே வெளிநாடுகளில் முனைந்து விற்க ஆரம்பித்தார்கள். அதுவரை மால்ட் விஸ்கியில் பெரும்பகுதி, பல ஆலைகளின் சரக்கைச் சேர்த்துச் செய்யும் பிளெண்டட் விஸ்கிக்குள் கலக்கப்பட்டே உலகம் போய்க்கொண்டிருந்தது.

தேனும் வெண்ணிலாவும் மரத்திலிருந்து வருகின்றன. பெரும்பாலான பீப்பாய்கள் அமெரிக்காவில் பர்பன் என்ற அந்நாட்டுச் சோள விஸ்கியை வைத்திருந்தவை. பர்பனை உட்புறம் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை வைத்தபின் பீப்பாய் அவர்களுக்குத் தேவைப்படாது, ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறும். மரத்தைச் சூடேற்றும்போது அதன் லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெண்ணிலாக் காயின் முதன்மை மணப்பொருளும் அதுதான். ஓக்கிலிருந்து வரும் லாக்டோன்களுக்குக் கொப்பரைத் தேங்காய் வாசம், யூஜினாலுக்குக் கிராம்பு வாசம். கிளென்ஃபிடிக் 12-இல் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் வைத்திருந்த பீப்பாய்களும் கலந்திருக்கின்றன. உலர் திராட்சை வாசம் கொஞ்சம் தென்பட்டால் அது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மரம் இன்னொன்றையும் கொடுக்கிறது: துவர்ப்பு. விழுங்கியபின் நாக்கின் ஓரமும் ஈறும் லேசாக இறுகுகிறதே, பாக்கு மென்றதுபோல, அது ஓக்கின் டானின். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதைச் சொல்லப் பல சொற்களைச் சுற்றி வருகிறார்கள். அறுசுவையில் துவர்ப்பையும் எண்ணி வளர்ந்த நமக்கு ஒரே சொல்லில் முடிகிறது.

இனி நெடிக்கு வருவோம். நீங்கள் உணர்ந்தது சுவையே இல்லை, வலி. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு வாங்கியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால்தான் 'எரிகிறது' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் சொல்கிறோம். வலி வந்துவிட்டால் மென்மையான வாசங்களைக் கவனிக்க மனம் நிற்காது. ஆனால் மிளகாய்க்கு வாய் பழகுவதுபோல இதற்கும் பழகும், அதுவும் ஒரே அமர்வில், சில நிமிடங்களில். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் நெடியை அடக்கி வாசத்தை மேலே கொண்டுவரும் வேலைதான்.

கிளாஸிலிருந்து தொடங்குங்கள். அகன்ற வாயுள்ள தடித்த விஸ்கி டம்ளர் ஐஸுக்காகச் செய்தது. வாசம் அதில் தங்காது. அடி பெருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். கிளென்கேர்ன் என்று இதற்கென்றே ஒரு கிளாஸ் 2001 முதல் விற்பனையில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசம் கிளாஸில் ஒட்டிக்கொள்ளும். வெறும் வெந்நீரில் இரண்டு முறை அலசி, கவிழ்க்காமல் காற்றில் உலரவிடுங்கள். சமையலறைத் துணியால் துடைத்தால் துணியின் வாசம் ஏறும். காலிக் கிளாஸை முகர்ந்து பார்த்து ஒன்றும் வரவில்லை என்றால் மட்டும் ஊற்றுங்கள். அறையில் ஊதுவத்தி, சாம்பிராணி, தாளித்த வாசம், தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். ஊறுகாய், பூண்டு, காபி சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். முழுப் பட்டினியோடும் உட்காராதீர்கள். உப்புக் குறைந்த பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ போதும்.

ஊற்றும் அளவு 20 மில்லி. ஒரு பெக் 30 என்ற கணக்கை இன்றைக்கு மறந்துவிடுங்கள். கிளாஸில் மேலே காலி இடம் இருந்தால்தான் வாசம் நிற்கும். ஊற்றியதும் ஒரு சிறு தட்டால் மூடி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுத் திறங்கள். திறந்த உடனே முகராமல் முதல் நெடி கலைய அரை நிமிடம் விடுங்கள்.

சூட்டைப் பற்றி ஸ்காட்லாந்தில் எழுதப்பட்ட குறிப்புகள் அதிகம் பேசுவதில்லை, அங்கே அதற்குத் தேவை இருக்காது. 'அறை வெப்பநிலையில் பருகவும்' என்று அவர்கள் எழுதும்போது மனதில் இருப்பது 18 முதல் 20 டிகிரி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மாலையில் அறை 31, 32 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மிக வேகமாக ஆவியாகி, மூக்கைக் குத்தும் நெடி கூடுதலாகத் தெரியும். 'நெடி மட்டும்தான் வருகிறது' என்று நம் பக்கத்தில் சொல்பவர்கள் பலருக்கு இதுவே முதல் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. ஏசி அறை இருந்தால் பாட்டிலை ஒரு மணி நேரம் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால், மண்பானைத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மூடிய கிளாஸின் அடிப்பகுதி மூழ்குமாறு பத்து நிமிடம் வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அதிகம் குளிர்ந்தால் வாசமும் அடங்கிவிடும், மூடாமல் வைத்தால் இட்லி மாவின் வாசம் ஏறும்.

முகர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒயினைப்போலக் கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுத்தால், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு மூக்கு மரத்துப்போகும். கிளாஸைத் தாடைக்கு நேரே பிடித்து மெதுவாக உயர்த்துங்கள். வாசம் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு, மூக்காலும் வாயாலும் ஒருசேர, பூவை முகர்வதுபோல இரண்டு சின்ன இழுப்பு. பிறகு கிளாஸைத் தள்ளிவிடுங்கள். கிளாஸைச் சாய்த்து, விளிம்பின் மேல் ஓரத்தில் ஒருமுறை, கீழ் ஓரத்தில் ஒருமுறை முகருங்கள். நெடி இரண்டு இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. குறைவாகக் குத்தும் இடம் எது என்று கண்டுபிடித்து அங்கேயே தங்குங்கள். மூக்கு சீக்கிரம் அலுத்துவிடும் உறுப்பு. இரண்டு மூன்று முறை முகர்ந்தபின் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இடையில் உங்கள் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தால் மூக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

இந்த இடத்தில்தான் பேரிக்காய்ச் சிக்கல் வருகிறது. வாசக் குறிப்புகள் பிரிட்டிஷ் சமையலறைச் சொற்களில் எழுதப்பட்டவை. அவர்கள் சொல்லும் பேரிக்காய், வெண்ணெய்போலக் குழைந்து, கையில் சாறு வழியும் பழம். கூடவே அந்த வாசத்தில் செய்த கடினமான சர்க்கரை மிட்டாயும் அவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் கூடையில் விற்கும் பேரிக்காய் மொறுமொறுப்பாக, நீர்ச்சத்தும் துவர்ப்புமாக இருக்கும். வாசம் மிகக் குறைவு. அதை நினைத்துக்கொண்டு கிளென்ஃபிடிக்கில் தேடினால் ஒருநாளும் கிடைக்காது. அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். ஐந்து சின்னக் கிண்ணங்களில் நன்றாகப் பழுத்த வாழைப்பழத் துண்டு ஒன்று, ஆப்பிள் தோல், ஒரு துளி வெண்ணிலா எசென்ஸ் கலந்த தண்ணீர், தேன், ஒரு ஸ்பூன் ஹார்லிக்ஸ் தூள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தை முகர்ந்துவிட்டு விஸ்கியை முகருங்கள். பிறகு அடுத்த கிண்ணம். ஹார்லிக்ஸ் கோதுமையோடு முளைகட்டிய பார்லியும் சேர்த்துச் செய்தது, ஆகவே 'மால்ட்' வாசம் என்பதற்கு நம் வீட்டில் அதைவிட நல்ல மாதிரி கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு முதலில் பிடிபடுவது வெண்ணிலாவும் ஹார்லிக்ஸும்தான். பழம் அதன் பின்னால், ஆப்பிள் தோலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் எங்கோ, லேசான நெயில் பாலிஷ் சாயலோடு இருக்கும். அதுதான் அவர்கள் பேரிக்காய் என்று எழுதியது. உங்கள் நோட்டில் 'ஆப்பிள் தோல், ஹார்லிக்ஸ்' என்று எழுதிக்கொண்டால் அது முழுக்கச் சரியான குறிப்பு.

குடிப்பதற்கு முன் ஒரு வாய் தண்ணீர். முதல் மிடறு அரை ஸ்பூன் அளவுக்கு மேல் வேண்டாம். அதை எடைபோடவே கூடாது; வாயை எரிச்சலுக்குப் பழக்க மட்டும்தான் அது. ஒரு நிமிடம் காத்திருங்கள். இரண்டாம் மிடறை 3 மில்லி அளவில் எடுத்து, நாக்கின் மேல் பத்து விநாடி உருட்டுங்கள். எச்சில் ஊறி அதுவே விஸ்கியை இளக்கும், எண்ணெய்ப் பதம்போல் ஒரு வழவழப்பு தெரியும். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுங்கள். இதைத் தவறவிட்டால் பாதி போய்விடும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கைப்பு போன்ற சிலதான்; மற்ற எல்லாம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசம். ஜலதோஷம் பிடித்தால் மிளகு ரசம் வெறும் சூடும் புளிப்பும் காரமுமாக மட்டும் தெரிகிறதே, அதே காரணம். மூச்சை விட்டதும் கிளென்ஃபிடிக்கில் இனிப்பு முதலில் வரும், அதன்பின் தானியம், கடைசியில் மரமும் துவர்ப்பும். அரை நிமிடத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். நீண்டு நிற்கும் விஸ்கி இது அல்ல. அதை இதன் குறையாக நான் எண்ணுவதில்லை, தொடக்கத்துக்கு இந்த அளவு போதும்.

அடுத்தது தண்ணீர். 'கலக்காமல்தான் குடிக்க வேண்டும்' என்று உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கலக்காமல் ஒருமுறை, கலந்து ஒருமுறை என்று இரண்டையும் பார்ப்பதுதான் ருசி பார்ப்பது. விஸ்கிகளைக் கலக்கும் நிபுணர்கள் மாதிரிகளை 20 சதவீதம் அளவுக்கு இளக்கித்தான் முகர்கிறார்கள். கணக்கு எளிது: 40 சதவீத விஸ்கி 20 மில்லியில் ஆல்கஹால் 8 மில்லி. அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி தண்ணீர் விட்டால் மொத்தம் 22.5, ஆல்கஹால் சுமார் 35.5 சதவீதம். ஒரு டீஸ்பூன் என்றால் 32. சம அளவு விட்டால் 20. நான் சொல்வது அரை டீஸ்பூனில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்து, ஒன்றரை டீஸ்பூனில் நிறுத்திவிடுங்கள். இந்த விஸ்கி ஏற்கெனவே 40-இல்தான் பாட்டிலாகிறது, அதற்குமேல் வாயில் நீர்த்துப்போகும், முகர மட்டும் சரியாக இருக்கும். தண்ணீரை விடும்போது கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விழுந்த துளியிலிருந்து எண்ணெய் இழைபோல நெளிநெளியான கோடுகள் சுழன்று இறங்கி, சில விநாடியில் கரைந்துபோகும். அடர்த்தி வேறான இரண்டு திரவங்கள் ஒன்றுக்குள் ஒன்று கலக்கும் காட்சி அது. கோடுகள் அடங்கியபின் முகருங்கள். நெடி இறங்கியிருப்பதும் பழம் மேலே வந்திருப்பதும் இந்தப் படியில்தான் பலருக்குத் தெளிவாகப் புரிகிறது. தண்ணீர் எது என்பதும் முக்கியம். குளோரின் வாசமுள்ள குழாய்த் தண்ணீர் பழ வாசத்தை மூடிவிடும், உப்புள்ள போர்வெல் தண்ணீர் வாயில் தட்டும். ஆர்ஓ தண்ணீரோ, தாது குறைந்த பாட்டில் தண்ணீரோ நல்லது. 60 மில்லிக்கு 120 மில்லி சோடா என்ற வழக்கமான கலவையில் ஆல்கஹால் 13 சதவீதம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். கோடையில் அது நன்றாகவே இருக்கும், அதில் தப்பொன்றும் இல்லை. ஐஸும் அப்படியே. என்ன வாங்கினோம் என்று தெரிந்துகொள்ளும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் அவை வேண்டாம்.

தண்ணீர் ஏன் வாசத்தைத் திறக்கிறது என்பதில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நெடி குறைகிறது என்பது உறுதி. வாச மூலக்கூறுகள் மேலே எழும்புகின்றன என்று அடிக்கடி சொல்லப்படுவது, 2017-இல் ஸ்வீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. குவையாகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம் வரை உள்ள கலவையில் திரவத்தின் மேற்பரப்பில் திரள்வதாகவும், 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்வதாகவும் அவர்கள் காட்டினார்கள். ஆனால் அது கணினியில் செய்த உருவகம், அதுவும் ஒரே ஒரு மூலக்கூறை வைத்து. குவையாகால் புகை வாசத்தைச் சேர்ந்தது. புகையில்லாத கிளென்ஃபிடிக் 12-க்கு அப்படியே பொருத்த முடியாது. தண்ணீர் உதவுகிறது என்பதை உங்கள் மூக்கே சொல்லும், காரணம் முழுதாக அவிழவில்லை.

கேள்விப்படும் மற்ற சில நம்பிக்கைகளையும் இதே தராசில் வைக்கலாம். கிளாஸின் உட்புறம் வழியும் 'கண்ணீர்க் கோடுகள்' தரத்தைக் காட்டும் என்பது தவறு. ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பு இழுவிசை மாறுவதால் அவை உண்டாகின்றன, எந்த மலிவு விஸ்கியிலும் வரும். நிறம் அடர்ந்தால் வயது கூடுதல் என்பதும் நம்பக்கூடியதல்ல, கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு வருட வயதுக்கும் ஒரு நிமிடம் கிளாஸில் ஆறவிட வேண்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆறவிடுவது நல்லது, பன்னிரண்டு என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஊற்றுத் தண்ணீரின் தூய்மைதான் சுவைக்குக் காரணம் என்று விளம்பரங்கள் சொல்லும். ஈஸ்ட், வெட்டும் நேரம், பீப்பாய் இவற்றுக்குப் பக்கத்தில் அதன் பங்கு சிறியது என்றே நான் நினைக்கிறேன். 'ஸ்பேசைடு என்றால் பழம், ஐலே தீவு என்றால் புகை' என்பது கடையில் கேட்டு வாங்க உதவும். விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு பக்கமும் விலக்குகள் நிறைய.

ஒரே விஸ்கியைத் தனியாக வைத்துக்கொண்டு கற்பது கடினம். ஒப்பிட்டால் மூக்கு உடனே விழித்துக்கொள்ளும். மிகச் சிக்கனமான வழி, நண்பர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் பகிர்ந்துகொள்வது, அல்லது 50 மில்லி மினியேச்சர் கிடைத்தால் அவற்றை வாங்குவது. கிளென்ஃபிடிக் 12-க்குப் பக்கத்தில் வைக்க முதல் தேர்வு கிளென்லிவெட் 12. ஜார்ஜ் ஸ்மித் 1824-இல் உரிமம் வாங்கித் தொடங்கியது. அதே ஸ்பேசைடு, அதே பழக் குடும்பம், ஆனால் இன்னும் மலர்த்தன்மை கூடியதாக எனக்குத் தெரிகிறது. மூன்றாவதாகக் கிளென்மோரஞ்சி ஒரிஜினல். இது ஸ்பேசைடுக்கு வடக்கே டெய்ன் ஊரில் 1843-இல் தொடங்கிய ஆலை. ஸ்காட்லாந்திலேயே மிக உயரமான காய்ச்சும் பாத்திரங்கள் அவர்களுடையவை, கழுத்து மட்டும் 5 மீட்டருக்கு மேல். அவ்வளவு உயரம் ஏறி வருவது லேசான ஆவிகள்தான், ஆகவே ஆரஞ்சுத் தோல், வெண்ணிலா என மென்மையாக இருக்கும். நீண்ட காலம் 10 வருடமாக இருந்தது, 2024-இல் 12 ஆனது. கடையில் இரண்டும் கிடைக்கலாம். நான்காவதாக ஜானி வாக்கர் பிளாக் லேபிள், முகர மட்டும் ஒரு சின்ன அளவு வைத்துக்கொள்ளுங்கள். அது மால்ட்டும், வேறு தானியங்களும் சேர்த்துக் காய்ச்சிய கிரெயின் விஸ்கியும் கலந்த பிளெண்ட், மெல்லிய புகையும் உண்டு. மூன்று மால்ட்டுக்குப் பிறகு முகர்ந்தால் 'சிங்கிள் மால்ட்' என்பதில் என்ன வேறுபாடு என்று சொல்லிக்கொடுக்காமலே தெரியும். லஃப்ரோய்க் 10 போன்ற கரிப்புகை விஸ்கியை அதே மாலையில் திறக்காதீர்கள். கட்டுக்கட்டும் துணியும் டிங்சரும் கலந்த அந்த மருத்துவமனை வாசம் வந்துவிட்டால், அதன்பின் பேரிக்காய் எங்கும் கிடைக்காது. கிளாஸ்களுக்கு அடியில் பெயர் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றச் சொல்லிவிட்டு முகர்ந்தால் இன்னும் நல்லது. பெயரும் விலையும் மூக்கை ஏமாற்றும் அளவுக்கு வேறெதுவும் ஏமாற்றாது.

எழுத்தில் கேட்டதை வைத்து இரண்டு விஷயங்களை என்னால் தீர்க்க முடியாது. உங்கள் பாட்டில் அசலா என்பது ஒன்று. மூடியின் சீல் உடையாமல் இருந்ததா, வாங்கிய இடம் நம்பத்தக்கதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்கள் மூக்கு இன்னொன்று. காபித்தூள், எலுமிச்சைத் தோல், பெருங்காயம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பாருங்கள். அவை தெளிவாகத் தெரிந்தால் உங்கள் மூக்கில் கோளாறில்லை, பழக்கம்தான் குறைவு. அவையே மங்கலாக இருந்தால், கோவிட் அல்லது நீண்ட ஜலதோஷத்துக்குப் பின் வாசம் குறைந்திருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில தனி வாசங்கள் மட்டும் சிலருக்குப் பிறவியிலேயே தெரியாமல் இருப்பதும் உண்டு. நண்பருக்குக் கிராம்பு தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால் யாரும் பொய் சொல்லவில்லை.

ருசி பார்ப்பதும் குடிப்பதுதான் என்பதால் அளவையும் சொல்லிவிடுகிறேன். 20 மில்லி வீதம் மூன்று கிளாஸ் என்றால் 60 மில்லி, தூய ஆல்கஹால் சுமார் 19 கிராம். அதற்குமேல் அன்றைக்கு மூக்கும் வேலை செய்யாது. தொழிலாகச் செய்பவர்கள் துப்பிவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்து நீங்களும் செய்யலாம், வாசம் துப்பியபின்னும் கிடைக்கும். அன்று வண்டியைத் தொடாதீர்கள். மாத்திரை சாப்பிடுபவர், கல்லீரல் தொல்லை உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் உட்கார வேண்டாம்.

பாட்டிலை நிற்க வைத்தே வையுங்கள். ஒயின் பாட்டில்போலப் படுக்க வைத்தால் 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்து உதிர்த்துவிடும். ஜன்னல் வெயிலும் ஃபிரிட்ஜின் மேல்பக்கச் சூடும் ஆகாது, துணி பீரோவின் அடித்தட்டு நல்ல இடம். முழுப் பாட்டில் பல வருடம் கெடாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே காற்று கூடி, பழ வாசம்தான் முதலில் மங்கத் தொடங்கும். சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சின்னக் கண்ணாடிப் பாட்டிலுக்கு வாய்வரை மாற்றி வையுங்கள்.

ருசி பார்த்து முடித்ததும் கிளாஸைக் கழுவ வேண்டாம். தட்டால் மூடாமல் அப்படியே இரவு முழுதும் வைத்துவிட்டு, காலையில் பல் துலக்குவதற்கு முன் எடுத்து முகருங்கள். ஆல்கஹால் முழுக்கப் போயிருக்கும், நெடி என்ற பேச்சே இருக்காது. அடியில் உலர்ந்து ஒட்டிய பசையில் தேனும், ஈர மரமும், ஹார்லிக்ஸ் டப்பாவின் அடிப்பக்க வாசமும் தனித்தனியாக நிற்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு அன்று மாலை மறுபடி 20 மில்லி ஊற்றினால், அதே வாசங்கள் நெடிக்குப் பின்னால் எங்கே இருக்கின்றன என்று மூக்கு தானாகத் தேடிப் போகும்.